வீடு தேடி வந்த இசை

பாடுவோர் இருக்கும் இடத்துக்குக் கேட்போர் செல்வதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. கோயில் வீதியில் நாதசுரம் ஒலித்தால் ஊர் மக்கள் அங்கே கூடினர். அரண்மனையில் யாழ் மீட்டப்பட்டால் அவைக்கு அழைக்கப்பட்டோரே கேட்டு மகிழ்ந்தனர். வீட்டினுள் இசை வேண்டுமாயின் வீட்டிலுள்ள ஒருவர் பாடவேண்டும். தாலாட்டும் ஊஞ்சற் பாட்டும் அவ்வாறு வழங்கி வந்தவை. பாடுவோரும் கேட்போரும் ஓரிடத்தில், ஒரு வேளையில் இருந்தாகவேண்டும் என்னும் இந்த நியதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் தளர்ந்தது. அன்று முதல் இசை வீடு தேடி வரலாயிற்று.

அவ்வாறு வந்த இசையை எந்தப் பொறி கொண்டுவந்தது என்பது பலரும் எழுதிய வரலாறு. வந்த இசையை வீட்டிலே யார், யாரோடு இருந்து கேட்டனர் என்பது அத்துணை பேசப்படாத வரலாறு. குடும்ப வாழ்வையும் அயலவர் உறவையும் தொட்டு நிற்பதால் பின்னதே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

காதிற் பொருத்திக் கேட்கும் ஹெட்போன் இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவோர் பலர். உண்மையில், தொலைவில் ஒருவர் பாடும்போதே அப்பாடலை வீட்டிலிருந்து கேட்பதற்கு மனிதன் கண்ட முதல் வழி காதோரக் கருவியே. 1881ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே மின்சாரக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. கிளெமெண்ட் அடேர் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் அந்நகரத்து இசைநாடக அரங்கின் மேடையோரத்தில் ஒலிவாங்கும் கருவிகளை வரிசையாக அமைத்து, அங்கு நிகழ்ந்த பாடலைத் தொலைபேசிக் கம்பி வழியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். கேட்க வந்தோர் காதுக்கு ஒன்றாக இரு கருவிகளைப் பிடித்துக்கொண்டனர். பாடகர் மேடையில் ஒரு புறமிருந்து மறுபுறம் நகர்ந்தால் அந்த அசைவும் அவர்களுடைய செவிக்குப் புலனாயிற்று. 1890இல் இம்முறை தியாத்ரோபோன் என்னும் பெயரால் வணிக நிறுவனமாகி, சந்தா செலுத்தியோரின் இல்லங்களுக்கு அரங்கிசையை அனுப்பியது. 1895இல் இலண்டன் மாநகரிலும் எலெக்ட்ரோபோன் என்ற பெயரில் இத்தகைய சேவை எழுந்தது. சந்தா கட்டி, கம்பி வழி வரும் இசையைத் தனித்துக் கேட்கும் வழக்கம் இணையத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் அது செல்வர் வீட்டுச் சுகமாகவே இருந்தது.

இதே காலத்தில் மற்றொரு பொறியும் உருவாகி வந்தது. 1877இல் தோமஸ் எடிசன் ஒலியைப் பதிந்துவைக்கும் போனோகிராபைக் கண்டார். 1887இல் எமில் பேர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழிவகுத்தார். 1902இல் இசைத்தட்டு நிறுவனத்தாரின் ஒலிப்பதிவாளர்கள் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிவுசெய்தனர். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலித்தது. மணிக்கணக்கில் விரியும் இராகத்தை மூன்று நிமிடத்துக்குள் அடக்கவேண்டிய நெருக்கடி பாடுவோருக்கு ஏற்பட்டது. கேட்போருக்கோ வேறொரு பேறு வாய்த்தது. கிராமபோனின் அகன்ற குழல் கூடத்திலிருந்த அனைவருக்கும் பொதுவாக ஒலித்தது. பெட்டிக்குச் சாவி கொடுப்பவர் ஒருவர், கேட்பவர் பலர்.

வானொலி தோன்றியபோது கேட்போர் மீண்டும் காதோரக் கருவிக்கே திரும்ப நேர்ந்தது. 1920 நவம்பரில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து கேடிகேஏ என்னும் நிலையமும், 1922 நவம்பரில் இலண்டனிலிருந்து பிபிசியும் ஒலிபரப்பைத் தொடங்கின. அந்நாளில் எளிய குடும்பங்கள் வாங்கக் கூடியதாயிருந்தது படிக வானொலி. கலீனா என்னும் ஈயத் தாதுவின் சிறு துண்டொன்றை மெல்லிய கம்பி முனையால் தொட்டு அலையைப் பிடிப்பது அதன் முறை. அதற்கு மின்சாரமும் வேண்டாம், பற்றறியும் வேண்டாம். ஆனால் அதிலிருந்து எழும் ஒலி ஒருவர் காதுக்கு மட்டுமே போதுமானதாயிருந்தது. குடும்பத்தில் ஒருவர் கேட்டுச் சிரிக்க, மற்றையோர் அவர் முகத்தைப் பார்த்திருந்தனர். இக்குறையைத் தீர்க்க மக்கள் தாமே ஓர் உபாயம் கண்டனர். ஹெட்போனைக் கழற்றி ஆழமான பீங்கான் கிண்ணமொன்றினுள் வைத்து, அதனைச் சுற்றித் தலைகளை நெருக்கி அமர்ந்தனர். கிண்ணம் ஒலியைத் திரட்டி மேலே அனுப்பிற்று. பொறியியலாளர் ஒருவர் காதுக்கென்று செய்த கருவியைக் குடும்பம் பொதுவாக்கிக்கொண்டது.

இலங்கையில் வானொலியின் வரலாறு இசையோடுதான் தொடங்கிற்று. 1923ஆம் ஆண்டு கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசை பரீட்சார்த்தமாக ஒலிபரப்பப்பட்டது. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக்கொண்டு ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. போருக்கென்று செய்யப்பட்ட கருவி, போர் முடிந்து ஐந்தாண்டு கழியுமுன்னரே பாட்டைச் சுமந்தது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் முறையான ஒலிபரப்பைத் தொடக்கிவைத்தார்.

அதே 1925இல் அமெரிக்கப் பொறியியலாளர்களான ரைஸ், கெலொக் என்னும் இருவரும் மின்காந்தச் சுருளால் இயங்கும் ஒலிபெருக்கியின் அமைப்பை வெளியிட்டனர். இன்று வரை ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. ஒலிபெருக்கி பொருத்திய வானொலிப் பெட்டி வந்ததும் கேட்கும் முறையே மாறிற்று. காதிலிருந்து இசை கூடத்துக்கு வந்தது. மேசைமீது துணி விரித்து வைக்கப்பட்ட அப்பெட்டி வீட்டின் உடைமையாயினும், அதன் ஒலி விறாந்தையைக் கடந்து வேலிக்கு அப்பாலும் சென்றது. பெட்டி இல்லாத வீட்டாரும் கேட்டனர். ஆயினும் இப்பொதுமைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்ததை மறைத்தல் ஆகாது. எந்த நிலையத்தைத் திருப்புவது, எப்போது நிறுத்துவது என்பதை வீட்டுத் தலைவரே பெரும்பாலும் தீர்மானித்தார். இளையோரும் பெண்களும் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் தமக்கு விருப்பமான பாட்டைத் தேடினர்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், தென்கிழக்காசியப் படையினருக்கென நேச நாடுகள் கொழும்பில் வானொலி நிலையம் ஒன்றை நிறுவின. அதன் வலுவான சிற்றலைச் சாதனங்கள் போருக்குப் பின்னர் இலங்கையின் வசமாயின. 1949இல் ரேடியோ சிலோன் என்னும் பெயர் வழக்குக்கு வந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கிற்று. அடுத்த ஈராண்டில் அயல்நாட்டில் நிகழ்ந்த ஒரு மாற்றம் கொழும்பு நிலையத்தின் புகழை உயர்த்தியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரைப்படப் பாடல்களுக்குக் கட்டுப்பாடு விதித்தார். நேயர்கள் வானொலியை நிறுத்தவில்லை, முள்ளைத் திருப்பினர். அதே ஆண்டில் அமீன் சயானி தொகுத்தளித்த பினாகா கீத்மாலா என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கி, வட இந்திய வீடுகள் பலவற்றிலும் புகுந்தது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் இந்தியா விவித பாரதியைத் தொடங்கியது இதற்கு அளித்த விடையேயாகும். எதைக் கேட்க வேண்டும் என்பதை ஓர் அரசு தீர்மானிக்கலாம். எதைக் கேட்பார்கள் என்பதை வீட்டிலிருப்பவரே தீர்மானிப்பர் என்பதை அவ்வைந்து ஆண்டுகள் காட்டின.

தமிழ் வர்த்தக சேவையின் புகழும் இவ்வாறே பாக்கு நீரிணையைக் கடந்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரலைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் அறிந்திருந்தன. பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோரும் அவ்வாறே அறியப்பட்டனர். அந்நிகழ்ச்சிகளுள் நேயர் விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும் தனித்து நோக்கற்குரியன. பாட்டு ஒலிக்குமுன் அதனை விரும்பியோரின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. ஓர் ஊரார் தம் பெயரைக் கேட்பதற்காகக் காத்திருந்த வேளையில், ஒருபோதும் காணாத வேறோர் ஊராரின் பெயரையும் கேட்டனர். இதே பாட்டை இதே கணத்தில் எங்கோ ஒரு வீடு கேட்டுக்கொண்டிருக்கிறது என்னும் உணர்வு பாட்டோடு சேர்ந்தே வந்தது. இசைத்தட்டு பாட்டை மட்டுமே தந்தது. வானொலி பாட்டோடு உடன் கேட்போரையும் தந்தது.

கூடத்திலிருந்து இசை மீண்டும் காதுக்குத் திரும்பத் தொடங்கியது 1954இல் எனலாம். அவ்வாண்டு இறுதியில் ரீஜென்சி டிஆர்-1 என்னும் டிரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. கைக்குள் அடங்கிய அப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக் காதிற் கருவியிட்டும் கேட்கலாம். தந்தையின் கூடத்திலிருந்து மகனின் அறைக்கு இசை குடிபெயர்ந்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கசெற் நாடாவை வெளியிட்டது. 1979 ஜூலை முதலாம் நாள் சோனி நிறுவனத்தின் வாக்மன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் வாக்மனில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. இருவர் சேர்ந்து கேட்கவும், கேட்கும்போதே விசையொன்றை அழுத்தி ஒருவரோடொருவர் பேசவும் அதில் வசதி செய்யப்பட்டிருந்தது. தனித்துக் கேட்பது பிறருக்கு அவமதிப்பாய்த் தோன்றுமோ என்று அதனைச் செய்தோர் அஞ்சினர். அவர்களது அச்சம் வீணாயிற்று. மக்கள் தனித்துக் கேட்பதையே விரும்பினர். பின்வந்த கருவிகளில் அவ்வசதிகள் மறைந்தன.

எனினும் காலப் போக்கு எங்கும் ஒரே நேர்கோட்டிற் செல்வதில்லை. உலகின் பெருநகரங்களில் வாக்மன் வழக்கத்திலிருந்த 1990களின் முற்பகுதியில், போரின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளுக்கு மின்சாரம் இல்லாதொழிந்தது. பற்றறியும் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. அவ்வேளையில் மக்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து, அதன் சக்கரத்தைச் சுழற்றி, விளக்குக்கென அமைந்த டைனமோவிலிருந்து வானொலிக்கும் பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் பெற்றனர். மிதிப்பவர் களைத்தால் மற்றொருவர் மிதித்தார். சக்கரம் தளர்ந்தால் பாட்டும் தளர்ந்தது. செய்தி அறிவதற்கு மட்டுமன்றிப் பாட்டுக் கேட்பதற்கும் அவர்கள் இவ்வாறு உழைத்தனர். ஒருவரது கால் வலியினால் ஒரு வீடு முழுவதும் இசை கேட்ட அந்நாட்கள், இசை எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சான்றாய் நிற்கின்றன.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1999இல் நாப்ஸ்டர் என்னும் மென்பொருள் இசைக் கோப்புக்களை இணையத்திற் பரிமாற வழிசெய்தது. 2001இல் ஐபொட் வெளிவந்தது. 2008இல் சுவீடன் நாட்டவர் உருவாக்கிய ஸ்பொட்டிஃபை சேவை ஐரோப்பாவில் தொடங்கி, 2019இல் இந்தியாவுக்கும் 2021இல் இலங்கைக்கும் வந்தது. பாட்டை வாங்கி வைத்திருக்கும் வழக்கம் குன்றி, வேண்டும்போது இணையத்திலிருந்து வருவித்துக் கேட்கும் வழக்கம் ஓங்கிற்று. கொழும்பிலிருக்கும் பேத்தியும் ரொறன்ரோவிலிருக்கும் பேரனும் ஒரே பாட்டை ஒரே நாளிற் கேட்கலாம். ஆனால் மற்றவர் கேட்பதை ஒருவரும் அறியார்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. வீட்டுத் தலைவரின் கையிலிருந்த திருகு இப்போது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பார்வையற்றவர், நோயாற் படுத்திருப்பவர், இரவுப் பணி முடித்து வருபவர் ஆகியோர் பிறர் உறக்கத்தைக் கலையாமல் விரும்பியதைக் கேட்கலாம். மறைந்துபோன இசைத்தட்டுக்களின் ஒலி தேடுவோருக்கு எளிதாய்க் கிடைக்கிறது. இவற்றை மறுத்துப் பழமையை மட்டும் போற்றுவது நேர்மையாகாது.

எனினும் இழப்பும் உண்டு. இணையச் சேவை ஒருவர் முன்பு கேட்டதைக் கணக்கிட்டு, அதற்கு ஒத்ததையே அடுத்துத் தருகிறது. வானொலியோ பாட்டியின் விருப்பத்துக்கிடையே பேரனையும், பேரனின் விருப்பத்துக்கிடையே பாட்டியையும் காத்திருக்கச் செய்தது. அக்காத்திருப்பில், வேண்டாதது என்று எண்ணிய பாட்டும் சிலருக்கு உரியதாயிற்று. உடலுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற் கேட்பது செவிக்குத் தீங்கு என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒலி கூடக்கூட அந்நேரம் விரைந்து சுருங்கும். கேள்விக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் செல்வமெனப் போற்றிய செவி, ஒருமுறை பழுதானால் மீளப் பெறுதற்கரியது.

இன்றும் பல வீடுகளில் கைபேசியை எவர்சில்வர் குவளைக்குள் இட்டுப் பாட்டை உரத்து ஒலிக்கச் செய்வது வழக்கம். நூறாண்டுக்கு முன் பீங்கான் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்தோர் நாடியதும் இதுவே. ஒருவர் காதுக்கென்று கருவி எத்தனை முறை செய்யப்பட்டாலும், நல்ல பாட்டொன்றைக் கேட்டவர் மற்றொருவரை அழைத்துக் கேட்பிக்கவே விரும்புகின்றார். கருவி எதுவாயினும் ஆகுக. நாளில் ஒரு வேளையேனும் வீட்டார் அனைவரும் சேர்ந்து ஒன்றைக் கேட்பராயின், வீடு தேடி வந்த இசை வீட்டிலேயே தங்கும்.