மேடையிலிருந்து திரைக்கு: 'வள்ளி திருமணம்' இசை நாடகமும் 'ஸ்ரீவள்ளி' (1945) திரைப்படமும்

ஆய்வுச்சுருக்கம்

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' இசை நாடகத்தையும், ஏ.வி. மெய்யப்பன் உருவாக்கிய 'ஸ்ரீவள்ளி' (1945) திரைப்படத்தையும் காலம், தர்க்கம், குரல் என்னும் மூன்று கூறுகளின் வழி இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தொடக்ககாலத் தமிழ்த் திரைப்படம் 'படம் பிடிக்கப்பட்ட நாடகமே' என்னும் கருத்து, நடிகையின் நிலையில் ஏற்பட்ட மாற்றத்தை மறைத்துவிடுகிறது என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், தர்க்கம், பின்னணிக் குரல், வள்ளி.

முன்னுரை

திருவாலங்காடு காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் எழுந்த தலம். ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படுவது. அதனை அடுத்துள்ள திருத்தணிகை, முருகன் வள்ளியை மணந்து அமர்ந்த இடமாக வழங்குகிறது. வள்ளி பிறந்ததாகக் கூறப்படும் வள்ளிமலையும் தொண்டை மண்டலத்தின் வடபகுதியிலேயே உள்ளது. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் இறுதியில் 'வள்ளியம்மை திருமணப் படல'மாகப் பாடியதும் இந்நிலப்பகுதியின் கதையையே. ஆயினும் அக்கதை இசை நாடகமாக வேரூன்றியது தென் மாவட்டங்களில்தான். வடதமிழகத்தில் பாரதக் கதைகளை முதன்மையாகக் கொண்ட தெருக்கூத்து வலுவாக நிலைத்திருக்க, மதுரையையும் புதுக்கோட்டையையும் சூழ்ந்த பகுதிகளில் 'வள்ளி திருமணம்' ஊர்த் திருவிழாக்களின் நாடகமாயிற்று. கதை தோன்றிய நிலமும் வடிவம் வளர்ந்த நிலமும் வேறாக இருப்பதால், இந்நாடகத்தைத் தலபுராணத்தின் தொடர்ச்சியாக மட்டும் காண்பது போதாது. அதனை நிகழ்த்துமுறையின் வரலாறாகவும் காண வேண்டும்.

காலம்: ஓர் இரவும் இரண்டு மணி நேரமும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாடலும் விருத்தமும் உரைநடையும் கலந்த நாடகப் பனுவல்களை இயற்றியவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவியவர். அவருடைய பனுவலை அடியொற்றிய 'வள்ளி திருமணம்' இரவு தொடங்கி விடியும்வரை நடைபெறும். பபூனின் நகைச்சுவை, நாரதர் வருகை, தினைப்புனக் காவல், வேடனாகவும் விருத்தனாகவும் முருகன் தோன்றுதல், யானையின் வருகை, திருமணம் என அது விரிகிறது. அவையோரின் விருப்பம் ஒரு பகுதியை நீட்டவும் மற்றொன்றைச் சுருக்கவும் செய்யும்.

திரைப்படத்திற்கு இந்நெகிழ்ச்சி இல்லை. இரண்டாம் உலகப் போரால் கச்சாப் பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஒரு கதைப்படம் 11,000 அடிக்கு மிகக் கூடாது என அரசு 1943இல் வரம்பு விதித்தது. நிமிடத்திற்கு 90 அடி ஓடும் படத்தில் இது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். 'ஸ்ரீவள்ளி' வெளியானது இவ்வரம்பு நடப்பிலிருந்த காலத்தில். எனவே நாடகம் திரையில் சுருங்கியதற்குக் கலைநோக்கை மட்டும் காரணமாகக் காட்ட இயலாது. பிலிம் வழங்கலின் பொருளியலும் அதில் கருதத்தக்கது.

தர்க்கம்: நிகழும் சொல்லும் நிலைத்த சொல்லும்

கந்தபுராணத்தில் நாரதர் தினைப்புனத்தில் வள்ளியைக் கண்டு, தணிகை சென்று முருகனுக்கு உரைப்பது சிறு நிகழ்ச்சியே. மேடையில் அதுவே நாரதருக்கும் வள்ளிக்குமான நீண்ட தர்க்கமாக வளர்ந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் ஒரே குழுவினர் அல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓர் இரவுக்கு மட்டும் அழைக்கப்படுபவர்கள். ஒன்றுகூடி ஒத்திகை பார்ப்பதில்லை. பனுவலின் பாடல்கள் அனைவருக்கும் பொதுவானவை; அவற்றுக்கு இடையே எழும் வினாவும் விடையும் அவ்விரவுக்கே உரியவை. வள்ளியாக நடிக்கும் பெண் இசையறிவோடு புராண அறிவும் சொல்வன்மையும் உடையவராக இருந்தாலன்றி நாரதரின் முன் நிற்க இயலாது.

திரையில் எத்தகைய தர்க்கத்தை அமைத்தாலும் அது ஒருமுறை எழுதப்பட்டு, ஒருமுறை பதிவாகி, எல்லா ஊர்களிலும் ஒன்றாகவே ஒலிக்கும். வெற்றி யாருக்கு என்பது படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நடிகையின் சொல் உரையாடல் ஆசிரியரின் சொல்லாகிறது.

குரல்: ஒன்றாயிருந்தது இரண்டானது

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த காலத்தில் இந்நாடகம் புகழின் உச்சியை அடைந்தது. ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை எட்டும் மேல்ஸ்தாயிக் குரலே அன்றைய நடிப்பின் அளவுகோல். கிட்டப்பா மறைந்த 1933ஆம் ஆண்டிலேயே, டி.பி. ராஜலட்சுமி வள்ளியாக நடித்த 'வள்ளி திருமணம்' பேசும்படமும் வெளிவந்தது. நடிப்பும் பாட்டும் ஒரே வேளையில் பதிவான அக்காலத்தில், பாடத் தெரிந்தவரே நடிக்க முடியும் என்னும் மேடை நெறி திரையிலும் தொடர்ந்தது.

'ஸ்ரீவள்ளி' இந்நெறியை ஒருபுறம் காத்தது, மறுபுறம் முறித்தது. முருகனாக நடித்த டி.ஆர். மகாலிங்கம் தம் பாடல்களைத் தாமே பாடினார். கிட்டப்பாவின் பாடுமுறையை அவரிடம் கேட்டு அவையோர் மகிழ்ந்தனர். வள்ளியாக நடித்தவர் குமாரி ருக்மணி. அவர் பாடிய பாடல்கள் மெய்யப்பனுக்கு நிறைவளிக்காமையால், பி.ஏ. பெரியநாயகியின் குரல் பதிவு செய்யப்பட்டு அவருடைய உருவத்தோடு இணைக்கப்பட்டது. 1938இல் வெளியான 'நந்தகுமார்' படத்திலேயே மெய்யப்பன் பின்னணிக் குரலைக் கையாண்டிருந்தார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. ஒரே படத்தில் ஆணின் குரல் மேடை மரபின் தொடர்ச்சியாக நின்றது. பெண்ணின் குரலோ உடலிலிருந்து பிரிக்கப்பட்டது. இதனை இழப்பென்று மட்டும் கூறுவது பொருந்தாது. பெரியநாயகி போன்ற பாடகியருக்குப் பின்னணிப் பாடல் என்னும் புதிய தொழில் திறந்தது. பாட இயலாத நடிகையருக்கும் திரையில் இடம் கிடைத்தது. ஆனால் பாடி, ஆடி, வாதிட்டு ஓர் இரவு முழுவதையும் தாமே தாங்கிய நாடக நடிகையின் முழுமைக்குத் திரையில் இடமில்லாமற் போயிற்று.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் பின்வருவன பெறப்படுகின்றன. 1. நாடகம் திரையாக மாறியபோது கதை பெரிதும் மாறவில்லை. கதையை நிகழ்த்தும் உரிமை கைமாறியது. 2. அம்மாற்றத்தில் போர்க்காலப் பிலிம் கட்டுப்பாடு, ஒலிப்பதிவு நுட்பம் ஆகிய புறக்காரணிகளும் கருதத்தக்கன. 3. மாற்றத்தின் விளைவு நடிகருக்கும் நடிகைக்கும் ஒன்றாக அமையவில்லை.

திரைப்படம் வந்தபின்னும் 'வள்ளி திருமணம்' மேடையை விட்டு அகலவில்லை; தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றும் நடைபெறுகிறது. திரையால் தர முடியாத தர்க்கமே அதன் நிலைபேற்றுக்கு முதன்மையான காரணம் எனலாம். அச்சுப் பனுவலையும் படச்சுருளையும் மட்டும் சான்றாகக் கொள்ளும் நாடக வரலாறு, எழுதப்படாத அத்தர்க்கத்தையும் அதனை ஆக்கிய பெண்களின் புலமையையும் விட்டுவிடும். நடிகையரின் நினைவுகளையும் மேடைத் தர்க்கங்களையும் ஒலிப்பதிவு செய்து தொகுப்பது இத்துறையில் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.