மலைத் தீபம் முதல் மணலி ஆலை வரை: தாவர எண்ணெய் டீசலான வரலாறு

1. ஆய்வுப் பொருள்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, திருவண்ணாமலையில் 2668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை எரியத் தொடங்குகிறது. அதற்காக ஏறத்தாழ 3500 கிலோ நெய்யும் 1000 மீட்டர் காடாத் துணித் திரியும் ஆள்சுமையாக மேலே போகின்றன. தீபம் 11 நாள் எரியும். அந்த நெய்யும், சென்னை மணலியில் டீசலாக மாற்றப்பட்ட காட்டாமணக்கு எண்ணெயும் வேதியியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிளிசரின் என்னும் ஒரு சிறு கட்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் டிரைகிளிசரைடு என்பதே இரண்டின் அமைப்பும்.

விளக்கில் எரிந்த இப்பொருள் எஞ்சினுக்கும், பின் சுத்திகரிப்பு ஆலைக்கும் சென்ற வழியை இக்கட்டுரை தொடர்கிறது. இந்த வரலாற்றில் ஆலைக்குள் எழுந்த சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. எண்ணெய் யாரிடமிருந்து, என்ன அளவில், எந்த உறுதியோடு வரும் என்ற கேள்வி மட்டும் தீராமல் நின்றது. விளக்குக்கு நெய் தந்த நம் பழைய ஏற்பாடுகளில் அக்கேள்விக்கு விடை இருந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. ஆடும் விளக்கும்

சோழர் காலக் கோயில்களுக்கு வந்த கொடைகளில் நந்தா விளக்குக் கொடை மிகப் பரவலானது. அண்ணாமலையார் கோயில் கல்வெட்டுகளிலும் விளக்குக் கொடைகள் உண்டு. இக்கொடையின் அமைப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை ஒதுக்கப்பட்டது. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளந்து தரப் பொறுப்பேற்றார். கிழடாகிச் செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடாகி, மந்தையின் எண்ணிக்கை குறையாது என்ற கருத்தில் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதினார்கள்.

எரிபொருளின் அளவு, அது பிறக்கும் இடம், தருபவர், அவருக்குரிய வாழ்வாதாரம் ஆகிய நான்கும் ஒரே கல்லில் பதிவாயின. இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டங்களைப் பார்க்க வேண்டும்.

3. கடலையும் எஞ்சினும்

1900 பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் காட்டிய சிறு டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் விளையும் கடலையையே அங்குள்ள எஞ்சின்களுக்கு எரிபொருளாக்கலாமா என்று பிரெஞ்சு அரசு எண்ணியதன் விளைவு அது. இதை ருடால்ஃப் டீசலே 1912-ல் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதே காலத்தில் தென்னாற்காட்டில் மல்லாட்டை எனப்படும் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குக் கப்பலேறிச் சவர்க்காரமாகிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவண்ணாமலை வட்டமும் தென்னாற்காட்டைச் சேர்ந்ததுதான். பாரிஸ் எஞ்சினில் எரிந்த எண்ணெயின் வித்து இந்தச் செம்மண்ணுக்கு நன்றாகப் பழகியது. ஆனால் மண்ணெண்ணெயும் பெட்ரோலிய டீசலும் மலிவாகக் கிடைத்ததும் கடலை எண்ணெய் அடுப்படிக்கே திரும்பியது.

4. எஸ்டர் வழி

தாவர எண்ணெயை அப்படியே எஞ்சினில் ஊற்றினால் அதன் கெட்டித்தன்மை தொல்லை தரும். தெளிப்பு முனையில் கரி படியும். மசகெண்ணெய் திரிந்து கூழாகும். 1937-ல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஷவான் பெற்ற காப்புரிமை இதற்கு ஒரு வழி சொன்னது. எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்தால் மூன்று சங்கிலிகளும் கிளிசரினை விட்டுப் பிரிந்து மெல்லிய எஸ்டராகும். மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ்–லூவன் தடத்தில் ஒரு பேருந்து பாமாயில் எஸ்டரில் ஓடியது.

இன்று பயோடீசல் எனப்படுவது இதுவே. 100 கிலோ எண்ணெயும் ஏறத்தாழ 11 கிலோ மெத்தனாலும் சேர்ந்தால் 100 கிலோ அளவுக்கு எஸ்டரும் 11 கிலோ அளவுக்குக் கிளிசரினும் கிடைக்கும். பெரிய ஆலை வேண்டாம். ஒரு கொட்டகையிலும் செய்யலாம். இந்தியாவில் 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத பயோடீசல் கலவையில் ஓடிக் காட்டியது.

குறை எஸ்டரின் உடலிலேயே இருந்தது. அதன் எடையில் ஏறத்தாழ 11 சதவீதம் ஆக்சிஜன். அதனால் ஈரத்தை இழுக்கும், நாள்பட்டால் சிக்கடிக்கும். டீசலோடு ஓரளவுக்கு மேல் கலக்க எஞ்சின் செய்பவர்கள் தயங்கினார்கள்.

5. ஹைட்ரஜன் வழி

அடுத்த திருப்பம் வேறொரு தேவையிலிருந்து வந்தது. டீசலில் உள்ள கந்தகம் நகரங்களின் காற்றைக் கெடுத்ததால், உலகெங்கும் சுத்திகரிப்பு ஆலைகள் கந்தக நீக்கப் பிரிவுகளை நிறுவின. அங்கே டீசலும் ஹைட்ரஜனும் 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், உயர் அழுத்தத்தில், நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் கலந்த வினையூக்கிக் குருணைகளின் ஊடே இறங்கும். ஹைட்ரஜன் கந்தகத்தைப் பிடித்து வெளியேற்றும்.

அதே குருணைகளின் மேல் தாவர எண்ணெயை விட்டால் ஆக்சிஜன் வெளியேறும். ஒரு பகுதி நீராகவும், ஒரு பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் போகும். கிளிசரின் கட்டு புரோப்பேனாக மாறும். சமையல் சிலிண்டரில் இருக்கும் வாயு வகை அது. மிஞ்சுபவை 15 முதல் 18 கார்பன் கொண்ட நேர்ச்சங்கிலிகள். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 85 கிலோ கிடைக்கும் இந்த நீர்மம் எஸ்டர் அன்று, டீசலேதான். எரியும் தரத்தைக் காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல் நிற்கும்.

இவ்வழியிலும் தடைகள் இருந்தன. எண்ணெயின் கோந்தில் உள்ள பாஸ்பரசும் உலோகங்களும் வினையூக்கியை அடைத்துவிடும். ஆகவே கோந்தை முன்பே நீக்க வேண்டும். வினை மிகுந்த வெப்பத்தைக் கக்கும். ஹைட்ரஜனும் அதிகம் செலவாகும். 18 கார்பன் நேர்ச்சங்கிலி 28 பாகையிலேயே மெழுகாக உறையும். மார்கழி விடியலில் திருவண்ணாமலையிலேகூட அது தனியாக நின்றால் கட்டியாகும். சங்கிலியைக் கிளைக்கச் செய்யும் இரண்டாம் வினை இக்குறையைத் தீர்த்தது.

2006-ல் பிரேசிலின் பெட்ரோப்ராஸ் நிறுவனம், பெட்ரோலிய டீசலோடு தாவர எண்ணெயைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் ‘எச்-பயோ’ முறையை அறிவித்தது. 2007-ல் பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் போர்வோவில் தனி ஆலையே தொடங்கியது. 2010-ல் சிங்கப்பூரிலும் கட்டியது. 2014-ல் இத்தாலியின் எனி நிறுவனம் வெனிசில் பழைய கச்சா எண்ணெய் ஆலை ஒன்றை இப்பணிக்கு மாற்றியது.

6. மணலி

1969-ல் இயங்கத் தொடங்கிய மணலி ஆலை தமிழகத்தின் எரிபொருள் வரலாற்றில் ஒரு மையம். 2013-ல் இந்தியன் ஆயிலின் ஃபரிதாபாத் ஆராய்ச்சி மையமும் சென்னை பெட்ரோலியம் நிறுவனமும் சேர்ந்து, அங்குள்ள கந்தக நீக்கப் பிரிவில் டீசலோடு காட்டாமணக்கு எண்ணெயைச் சிறு பங்காகக் கலந்து வணிக அளவில் ஓட்டிப் பார்த்தன. புதிய உலை கட்டாமல், இருக்கும் கருவியிலேயே தாவரப் பங்குள்ள டீசல் எடுக்க முடியும் என்று நிறுவிய முயற்சி இது.

டேராடூனின் இந்திய பெட்ரோலிய நிறுவனம் இதே வேதியியலை வானூர்தி எரிபொருள் வரை கொண்டுசென்றது. 2018 ஆகஸ்ட் 27 அன்று, சத்தீஸ்கர் உழவர்கள் தந்த காட்டாமணக்கிலிருந்து செய்த எரிபொருள் கலவையோடு ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. ஆலையின் பக்கம் தேர்வு முடிந்துவிட்டது.

7. விதை பொய்த்தது

காட்டாமணக்கு நம் ஊருக்குப் புதிதன்று. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வயலோரத்தில் வேலியாக நிற்கும். அதன் காம்பை ஒடித்துப் பாலில் குமிழி ஊதாத கிராமத்துப் பிள்ளை அரிது. உழவர் அதை வேலியாக அறிந்திருந்தாரே ஒழிய, வெள்ளாமையாக அறியவில்லை.

2003-ல் திட்டக் குழுவின் அறிக்கை அதை வெள்ளாமையாக்கச் சொன்னது. டீசலில் 20 சதவீதக் கலவைக்கு 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் நடவேண்டும் என்று கணக்கிட்டது. தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது, ஹெக்டேருக்கு 3.75 டன் விதை தரும் என்ற எதிர்பார்ப்பின் மேல் அக்கணக்கு நின்றது. 2006 முதல் பயோடீசலுக்கு லிட்டருக்கு 25 ரூபாய் கொள்முதல் விலை வைக்கப்பட்டது. உற்பத்திச் செலவுக்கே அது போதவில்லை. தமிழகமும் மானியம் தந்து நடவை ஊக்கியது.

தமிழகச் சிற்றூர்களில் களஆய்வு செய்து அரிசா-மொண்டோபியோ, சரச்சந்திர லேலே ஆகியோர் 2010-ல் வெளியிட்ட கட்டுரை கசப்பான உண்மையைப் பதிவு செய்தது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைவு. பயிர் பிழைப்பது தண்ணீர் வசதியைப் பொறுத்தது. ஏழை உழவருக்கே இழப்பு மிகுதி. வேலியில் உயிரோடு நிற்பதும் மூட்டை கணக்கில் காய்ப்பதும் வேறுவேறு என்பதை உழவர் தம் நிலத்தையும் ஆண்டுகளையும் செலவிட்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பிண்ணாக்கும் நஞ்சு, மாட்டுக்கு ஆகாது. மல்லாட்டையில் விளைச்சல் குறைந்தாலும் கொடி தீவனமாகும், பிண்ணாக்கு பாலாகும். காட்டாமணக்கு அந்த ஆறுதலையும் தரவில்லை.

மணலியில் உலை ஆயத்தமான 2013-ல் வயல்களில் காட்டாமணக்கின் மேல் நம்பிக்கை தளர்ந்திருந்தது. தொழில்நுட்பம் வந்து சேர்ந்தபோது விதை இல்லை.

8. சுட்ட எண்ணெய்

2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் டீசலில் 5 சதவீத பயோடீசல் கலவை என்று இலக்கைச் சுருக்கியது. நடைமுறை 1 சதவீதத்துக்கும் கீழேயே நிற்கிறது. அதே ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம், பொரித்த எண்ணெயில், அது திரியும்போது சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்ற வரம்பை நடைமுறைப்படுத்தி, அதை எரிபொருளாக்கும் திட்டத்தையும் தொடங்கியது.

இங்கே திருவண்ணாமலை மீண்டும் இவ்வரலாற்றுக்குள் வருகிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பாதையோரச் சட்டிகளில் பஜ்ஜியும் போண்டாவும் விடியும்வரை வேகின்றன. கறுத்து நுரைக்கும் அந்த எண்ணெய் மறுநாள் மலிவு விலைக்குக் கைமாறினால் ஏழையின் வயிற்றுக்கே திரும்பும். சாக்கடையில் கொட்டினால் நீரைக் கெடுக்கும். கோந்தும் உப்பும் வடித்து ஆலைக்கு அனுப்பினால் டீசலாகும். இதற்கு ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். ஒரு கமலைத் தண்ணீரும் வேண்டாம்.

9. முடிவுரை

1900 முதல் 2018 வரையிலான இந்தப் பாதையில் வேதியியல் எங்கும் கைவிடவில்லை. கைவிட்டது ஏற்பாடு. 2003-ன் திட்டம் ஹெக்டேரைச் சொன்னது. நடுபவருக்கு விளைச்சல் பொய்த்தால் என்ன கதி என்பதைச் சொல்லவில்லை. நந்தா விளக்குக் கல்வெட்டு ஆட்டின் எண்ணிக்கையைச் சொன்னது. உழக்கு அளவைச் சொன்னது. மந்தையை முன்கூட்டியே இடையரின் கையில் ஒப்படைத்தது. நெய் கேட்கும் முன் ஆடு கொடுத்தார்கள்.

கிரிவலப் பாதையில் சட்டி வைத்திருக்கும் அம்மாவிடம் சுட்ட எண்ணெயைக் கேட்கும்போதும் அதே ஒழுங்கு தேவை. மூடியுள்ள தகரக்கேன் ஒன்று, லிட்டருக்கு நிலையான விலை, பௌர்ணமிக்கு மறுநாள் தவறாமல் வந்து அளந்து பணம் தரும் ஓர் ஆள். இவை அமைந்தால் ஆலை தயாராகவே இருக்கிறது.