லயத்தின் உள்ளும் புறமும்: மலையக நாவலாசிரியர் நின்ற இடம்

நாவலாசிரியர் தம் வாழ்விலிருந்தே கதைக்குப் பொருள் எடுப்பது எங்கும் உள்ள வழக்கமே ஆயினும், மலையகம் எனப்படும் இலங்கை மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை, எழுதியவர் தோட்ட அதிகார அடுக்கில் எந்தப் படியில் நின்றார் என்பதே அவர் எதைக் கண்டார், எதைக் கதையாக்கினார் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கல்வி அரிதாக இருந்தமையால், கொழுந்து பறித்தவரும் கவ்வாத்து வெட்டியவரும் அன்றி, கங்காணி எனப்படும் மேற்பார்வையாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசிரியரும் மருத்துவருமே முதலில் எழுத வந்தனர்.

இவர்களுள் தலையாயவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடகொம்பரைத் தோட்டத்தில், கூலிகளைத் திரட்டி வேலை வாங்கிய பெரிய கங்காணிகளின் குடும்பத்தில் பிறந்த இவர், ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவரது ‘வீடற்றவன்’ நாவலில் சங்கம் அமைக்க முற்படும் தொழிலாளி வேலையை இழக்கிறான். லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஒற்றை அறை தோட்டத்துக்கே உரியதாகையால், பத்துச்சீட்டு எனப்படும் வேலைநீக்கச் சீட்டு கைக்கு வந்ததும் அடுப்பையும் பாயையும் தூக்கிக்கொண்டு குடும்பம் வெளியேற வேண்டியிருந்தது. வேறு தோட்டத்தில் பேர் பதிவதும் எளிதன்று. சங்கப் பணியில் இத்தகைய வழக்குகளோடு பழகியிராத ஒருவரால் அத்தலைப்பை அவ்வளவு நேராகச் சூட்டியிருக்க முடியாது. கங்காணி வீட்டில் பிறந்தவர் தம் குடும்பக் கதையை ஒதுக்கி, கங்காணிக்குக் கீழ் நின்றவனின் கதையைத் தேர்ந்ததே அவர் எழுத்தின் பெருமை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து மலையகத்தில் வாழ்ந்த கோகிலம் சுப்பையா, ‘தூரத்துப் பச்சை’ (1964) நாவலில் கடல் கடந்த தலைமுறையின் வரலாற்றைத் தொகுத்தார். யாழ்ப்பாணத்தவரான தி. ஞானசேகரன் புசல்லாவைப் பகுதியில் தோட்ட வைத்தியராகப் பணியாற்றியவர். நோயும் பேறும் சாவும் வைத்தியரின் வாசலைக் கடந்தே செல்வதால் அவருக்குத் துரை எனப்படும் தோட்ட மேலாளரின் பங்களாவும் தொழிலாளியின் லயக் காம்பராவும் ஒருங்கே தெரியவந்தன. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் தொழிலாளி சிவனு லட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான காலத்தின் காணிப் போராட்டமே அவரது ‘குருதிமலை’க்குப் (1979) பின்புலம். ‘காலங்கள் சாவதில்லை’ (1974) எழுதிய ஜோசப், தாம் பணிபுரிந்த ஊவாத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தெளிவத்தை ஜோசப் ஆனார். இத்தோட்டங்களில் வாழ்ந்திராத புதுமைப்பித்தனும் ‘துன்பக்கேணி’யில் இத்துயரை வன்மையாகச் சொன்னார் என்பது உண்மையே, எனினும் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலை பிரிக்கும் அணிவகுப்பில், அரைநாள் கூலியான அரைப்பேர் போடப்பட்டவளின் அச்சத்தை அன்றாட விவரங்களோடு தந்தவர்கள் அம்மண்ணில் இருந்தவர்களே.

ஆயினும் கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணின் வாழ்வு இந்நாவல்களில் பெரும்பாலும் பிறர் கண்டு சொன்னதாகவே நிற்கிறது. தம் பாட்டிமாரின் வாய்மொழி நினைவுகளை அவர்கள் உயிருடன் இருக்கும்போதே எழுதி வைப்பது, இன்று பல்கலைக்கழகம் வரை சென்றுள்ள மலையகப் பேத்திமாரின் உடனடிக் கடமையாகும்.