மைல்ஸ் நிறைய இருக்கு... சீட் மட்டும் ஏன் கிடைக்கலை? - ‘இலவச’ விமான டிக்கெட்டின் விலைக் கணக்கு!

“அம்மா, இந்த மார்கழிக்கு நாங்க நாலு பேரும் வர்றோம். டிக்கெட்டுக்குக் காசே கிடையாது. மைல்ஸ்லயே போட்டுடலாம்!”

சிங்கப்பூரிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ உங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்திருக்கலாம். அடுத்த நிமிடமே எந்த அறையில் யார் படுப்பது, எந்த சபாவில் எந்தக் கச்சேரி என்று வீட்டில் திட்டம் தயாராகிவிடும். நாலு நாள் கழித்து அதே பிள்ளை இழுப்பார்: “டிசம்பர்ல சீட்டே காட்டலைம்மா. காட்டற ஒண்ணு ரெண்டுக்கும் டபுள் மைல்ஸ் கேக்கறாங்க.”

சேர்த்து வைத்த மைல்ஸ் அப்படியேதானே இருக்கிறது? நாலு பேர் டிக்கெட்டுக்குப் போதும் என்று நினைத்தது, ஏன் ரெண்டு பேருக்குக்கூடப் பத்தவில்லை? விடை தெரிந்துகொள்ள, அந்த ‘இலவச’ டிக்கெட்டுக்கு விமான நிறுவனம் எப்படி விலை வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மைல் என்றால் தூரம் இல்லை

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எவ்வளவு தூரம் பறந்தீர்களோ அவ்வளவு மைல் கணக்கில் ஏறும். சேர்ந்ததும் டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளலாம். இன்று உலகம் முழுக்க இருக்கும் திட்டங்களுக்கு இதுதான் முன்மாதிரி. நம் ஊரில் ஏர் இந்தியாவின் ‘ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்’ அதற்குப் பிறகு வந்தது.

இப்போது பெயரில்தான் மைல் மிச்சம். 2024-ல் ஏர் இந்தியா தன் திட்டத்தை மாற்றியமைத்து, பறந்த தூரத்துக்குப் பதிலாக டிக்கெட்டுக்குச் செலவழித்த ரூபாய்க்கு ஏற்பப் பாயின்ட் தர ஆரம்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் விஸ்தாரா இணைந்தபோது அதன் உறுப்பினர்களும் இதற்குள் வந்தார்கள். திட்டத்தின் பெயரே ‘மகாராஜா கிளப்’ என்று ஆகிவிட்டது.

இன்னொரு விஷயம், விமானமே ஏறாமலும் மைல் சேர்க்கலாம். தி.நகரில் கல்யாணப் பட்டு எடுத்து கிரெடிட் கார்டைத் தேய்த்தால் பாயின்ட் வருகிறது. அதை மைலாக மாற்றிக்கொள்கிறீர்கள். இதற்காக வங்கிகள் விமான நிறுவனங்களிடம் மைல்களைக் காசு கொடுத்து வாங்குகின்றன. ஆக, மைல் என்பது விமான நிறுவனம் அச்சடிக்கும் ஒரு நோட்டு. அதற்கு எவ்வளவு மதிப்பு என்று முடிவு செய்வதும் அதே நிறுவனம்தான்.

ஷேர் ஆட்டோ, மீட்டர் ஆட்டோ, ஆப் ஆட்டோ

மைல் டிக்கெட்டுக்கு விலை வைக்கும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். மூன்றையும் நம்ம ஊர் ஆட்டோவை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, ஷேர் ஆட்டோ கணக்கு. இந்த ஸ்டாப்பிலிருந்து அந்த ஸ்டாப்புக்கு இவ்வளவு என்று நிரந்தர ரேட். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ‘கிரிஸ்ஃபிளையர்’ உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு மண்டலம் இத்தனை மைல் என்று பட்டியல் வைத்திருக்கிறது. அதிலும் குறைந்த மைல் கேட்கும் ‘சேவர்’, கூடுதல் மைல் கேட்கும் ‘அட்வான்டேஜ்’ என்று ரேட்டுகள் உண்டு. சேவர் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, மீட்டர் கணக்கு. தூரத்துக்கு ஏற்ற விலை. பிரிட்டிஷ் ஏர்வேஸின் ‘ஏவியாஸ்’ இந்த வகை. கூட்டமுள்ள நாட்களுக்கு ‘பீக்’ ரேட், மற்ற நாட்களுக்கு ‘ஆஃப்-பீக்’ ரேட் என்று காலண்டரும் உண்டு.

மூன்றாவதுதான் பலரைக் குழப்புகிறது. மழை பெய்தால் ஆப்பில் ஆட்டோ ரேட் எகிறுமே, அதே மாதிரி. பண விலை ஏறினால் மைல் விலையும் ஏறும். அமெரிக்காவின் டெல்டா 2015-லேயே மைல் பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. யுனைடெட் 2019-ல் அதே வழிக்குப் போனது. இங்கே ‘நியூயார்க்குக்கு எத்தனை மைல்?’ என்று கேட்டால், ‘எந்தத் தேதிக்கு?’ என்பதுதான் பதில்.

மதியக் கச்சேரியும் மாலைக் கச்சேரியும்

சரி, பட்டியல் விலை இருக்கிற திட்டத்திலும் சீட் கிடைக்கலையே, ஏன்?

மார்கழி சீசனில் சபாக்களுக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட்டே இல்லாமல் போய் உட்காரலாம். பிரபல வித்வானின் மாலைக் கச்சேரி என்றால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். எந்த சீட்டுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறதோ, அதை யாரும் சும்மா தரமாட்டார்கள்.

விமான நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை சீட் பணத்துக்கு விற்கும் என்று முந்தைய ஆண்டுகளின் விற்பனையை வைத்துக் கணக்குப் போடுவார்கள். காலியாகப் போகும் என்று தோன்றும் சீட்டுகளில் கொஞ்சத்தை மைல் டிக்கெட்டுக்கு ஒதுக்குவார்கள். விற்பனை சூடுபிடித்தால் ஒதுக்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். விமானத்தில் ஐம்பது சீட் காலியாக இருந்தும் மைலுக்கு ஒன்றுகூடக் காட்டாததன் ரகசியம் இதுதான்.

நம்ம குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் வருவது பள்ளி விடுமுறையும் மார்கழியும் சேரும் டிசம்பரில். திரும்புவது ஜனவரி முதல் வாரத்தில். எல்லோரும் ஒரே சீட்டைத் தேடும்போது, நிறுவனம் ஏன் அதை மைலுக்குக் கொடுக்கப்போகிறது?

அமெரிக்கா என்றால் இன்னும் ஒரு முடிச்சு. சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, லண்டன், ஃபிராங்ஃபர்ட், டெல்லி என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். சென்னை-லண்டனில் சீட் இருந்து, லண்டன்-நியூயார்க்கில் இல்லை என்றாலும் கதை முடிந்தது.

ஒரு மைல் எத்தனை பைசா?

சீட் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே ‘புக்’ பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஒரு சின்ன கணக்கு: பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் டிக்கெட் விலையிலிருந்து, மைல் டிக்கெட்டுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுங்கள்.

புரிவதற்காக ஒரு உதாரணம். டிசம்பரில் டிக்கெட் 60,000 ரூபாய். மைலில் எடுத்தால் 40,000 மைல், வரி 12,000 ரூபாய். 60,000-ல் 12,000 போனால் 48,000. அதை 40,000-ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 1 ரூபாய் 20 பைசா கிடைக்கிறது. அதே டிக்கெட் ஆகஸ்ட்டில் 27,000 ரூபாய்க்கே கிடைக்கிறது, மைலும் வரியும் மாறவில்லை என்றால்? மிச்சம் 15,000 ரூபாய்தான். ஒரு மைலுக்கு 38 பைசாகூடத் தேறவில்லை. அப்போது பணம் கட்டிப் போய்விட்டு, மைலை வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பணம் கட்டிப் பறந்தால் புது மைலும் சேரும். மைல் டிக்கெட்டில் பறந்தால் பொதுவாகச் சேராது.

கவனித்தீர்களா? விலை நிலையாக இருக்கும் திட்டத்தில், சீசன் நேரத்தில்தான் உங்கள் மைலுக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் அந்த சீட்டுக்கு அத்தனை போட்டி.

‘இலவச’ டிக்கெட்டுக்கு எதற்குப் பணம்?

விமான நிலையக் கட்டணம், அரசாங்க வரி ஆகியவை மைல் டிக்கெட்டிலும் உண்டு. அவற்றைத் தவிர்க்க முடியாது. கவனிக்க வேண்டியது, எரிபொருள் பெயரில் நிறுவனமே போடும் கூடுதல் கட்டணம். சில நிறுவனங்களில் இது பல ஆயிரம் ரூபாய் வரை போகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் எடுக்கும் கிரிஸ்ஃபிளையர் டிக்கெட்டுகளுக்கு இதை 2017-லேயே நீக்கிவிட்டது. எனவே ‘எத்தனை மைல்?’ என்பதோடு ‘கையிலிருந்து எவ்வளவு?’ என்றும் சேர்த்தே பாருங்கள்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* தேதியை முதலில் பிடியுங்கள். பல நிறுவனங்கள் ஏறக்குறைய 11 மாதங்களுக்கு முன்பே சீட்டைத் திறக்கின்றன. டிசம்பர் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு தேட ஆரம்பிப்பது சீக்கிரம் இல்லை, சரியான நேரம்.

* நாலு சீட்டை ஒன்றாகத் தேடாதீர்கள். இரண்டிரண்டாகவும் தேடிப் பாருங்கள். இரண்டு பேருக்கு மைல், இரண்டு பேருக்குப் பணம் என்று பிரித்தாலும் லாபமே.

* கூட்டாளி விமானத்தையும் பாருங்கள். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸ் குழுமத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பாயின்ட்டை வைத்து அதே குழுமத்தின் வேறு நிறுவன விமானத்திலும் டிக்கெட் எடுக்கலாம். ஆனால், அந்த நிறுவனம் கூட்டாளிகளுக்கென்று திறந்துவிட்ட சீட் மட்டும்தான் கிடைக்கும்.

* அப்பா, அம்மா பெயரை முன்பே சேருங்கள். கிரிஸ்ஃபிளையரில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்க, அவரை முதலில் ‘நாமினி’யாகப் பதிவு செய்ய வேண்டும், ஐந்து பேர் வரைதான். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயரைப் போடுங்கள். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால் இதில் அடிக்கடி குழப்பம் வரும்.

* கார்டு பாயின்ட்டை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மைலாக மாற்றியதைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுவர முடியாது. சீட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றம் வந்துசேரச் சில நாள் ஆகலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

* காலாவதி தேதியைக் காலண்டரில் குறியுங்கள். கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. ஏவியாஸ், மூன்று ஆண்டு கணக்கில் எந்த வரவு செலவும் இல்லாவிட்டால் காணாமல் போகும்.

கடைசியாக ஒன்று. “ரிட்டயர் ஆனதும் பிசினஸ் கிளாஸ்ல உலகம் சுத்தலாம்” என்று வருடக்கணக்கில் மைலைப் பூட்டி வைப்பவர்கள் நிறைய பேர். வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டியாவது வரும். மைலுக்கு வட்டி கிடையாது, விலை மட்டும் ஏறும். கிரிஸ்ஃபிளையர் பட்டியலே 2022-ல் உயர்ந்தது. நேற்று போதுமாக இருந்த மைல், மறுநாள் பத்தாமல் போனது.

எனவே, பேரக்குழந்தையைப் பார்க்கப் போக வேண்டுமா, இந்த மார்கழிக்குப் பிள்ளை வர வேண்டுமா? கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மைலுக்கு நியாயமான பைசா கிடைத்தால் இப்போதே செலவழியுங்கள். டிசம்பர் கிடைக்கவில்லையா, பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள். அறுபத்து மூவர் உற்சவம் பங்குனியில்தான். அதற்கு சீட் இருக்கிறதா என்றும் ஒரு எட்டு பார்த்துவிடச் சொல்லுங்கள்!