ராமன் பாடத்தில் நான் சொல்லாமல் விட்டது



பிப்ரவரி 28 அறிவியல் நாள் வந்தால் வகுப்பில் சர் சி.வி. ராமனைப் பற்றிப் பேசுவேன், நினைவிருக்கிறதா? திருச்சியில் பிறந்தவர், 1930இல் நோபல் பரிசு வாங்கியவர் என்று பெருமையாகச் சொல்வேன். அவரிடம் ஒரு மாணவி நியாயம் கேட்டு நின்ற கதையை மட்டும் சொன்னதே இல்லை. எனக்கே ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்தது. அந்தக் கடனை இன்று தீர்த்துவிடுகிறேன்.

1933ஆம் ஆண்டு. பம்பாயில் பி.எஸ்ஸி. முடித்த கமலா பாக்வத், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். அவருடைய அப்பா அங்கே வேதியியல் படித்தவர். அப்போது அங்கே இயக்குநராக இருந்தவர் ராமன். பெண் என்பதால் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். கமலா விடவில்லை. நேரில் போய், காந்தியடிகள் காட்டிய வழியில் சத்தியாகிரகம் செய்தார்.

கடைசியில் இடம் கிடைத்தது. ஆனால் ஓராண்டு சோதனைக் காலம். இயக்குநருக்குத் திருப்தி வந்தால்தான் ஆய்வுக்கு அங்கீகாரம். ஆண் மாணவர்களின் கவனம் இவரால் சிதறக் கூடாது. கூடப் படித்த பையன்கள் யாருக்கும் இந்த நிபந்தனைகள் இல்லை.

கமலா வருத்தத்தை விழுங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். சீனிவாசய்யா என்ற நல்லாசிரியரிடம் பால், பருப்பு வகைகளின் புரதங்களை ஆராய்ந்தார். ஓராண்டு முடிந்தபோது ராமனுக்கே திருப்தி. அதன்பின் பெண்களுக்கு அங்கே கதவு திறந்தது. 1939இல் கமலா கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி என்ற பெயரில், நம் பக்கத்துப் பதநீர் போன்ற ‘நீரா’வின் சத்தை ஆராய்ந்து குடியரசுத் தலைவர் விருதும் வாங்கினார்.

1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்துக்கே அன்னா மணி என்ற மாணவி வந்து சேர்ந்தார். வைரங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்ஸி. இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. கதவு திறந்தது, ஆனால் முழுசாக இல்லை.

இதைச் சொல்வதால் ராமனின் பெருமை குறையாது. பெரியவர்களும் தவறுவார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாடம்தான் பாதியாகிவிடும்.

வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் தந்து உருவான நம்மூர் சிக்ரி 1953இல் திறக்கப்பட்டது. அந்த வாசலில் ஆராய்ச்சிப் பிள்ளைகளாகப் பெண்கள் போய்வருவதைப் பார்க்கும்போது கமலாவின் நினைவு வருகிறது. அவர் தனக்கு மட்டும் இடம் கேட்டிருந்தாலும், பின்னால் வந்தவர்களுக்கும் அது வழியாகிவிட்டது.

உங்களில் பலர் இன்று அதிகாரிகள், பேராசிரியர்கள். பெண்ணோ, ஏழைப் பிள்ளையோ, ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையோ உங்கள் மேசை முன் வந்து நின்றால், மற்றவரிடம் கேட்காத நிபந்தனையை அந்தப் பிள்ளையிடம் கேட்கிறோமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் வைக்கும் கடைசி வீட்டுப்பாடம் இதுதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், காரைக்குடி