பகி வண்டி

பகி வண்டி என்பது மணல், சேறு, கல் நிறைந்த கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்காக அமைக்கப்படும் எடை குறைந்த தானுந்து ஆகும். பெரும்பாலும் இதற்குக் கூரையும் கதவும் இருப்பதில்லை. அகன்ற சக்கரங்கள், தரையிலிருந்து உயர்ந்த அடிப்பகுதி, பின்புறம் அமைந்த பொறி, ஓட்டுநரைச் சூழ்ந்த எஃகுக் குழாய்க் கூண்டு ஆகியன இதன் முதன்மை இயல்புகள். ஆலைகளில் செய்யப்படும் பகி வண்டிகளும் உள்ளன. எனினும் பழைய மகிழுந்தின் உறுப்புகளைக் கொண்டு ஆர்வலர்கள் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கத்தில் இருந்தே இவ்வகை வண்டி தோன்றியது.

வரலாறு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக் கடற்கரை மணல்மேடுகளில் ஓட்டுவதற்காகப் பழைய மகிழுந்துகளின் மேற்கூட்டைக் கழற்றி எடையைக் குறைக்கும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பரவியது. படகு கட்டுவதில் தேர்ந்த புரூசு மெயர்சு என்பவர் 1964ஆம் ஆண்டில் கண்ணாடியிழையால் ஆன மேற்கூட்டை வடிவமைத்து, போக்சுவாகன் பீட்டில் மகிழுந்தின் உறுப்புகளோடு இணைத்தார். மெயர்சு மாங்சு எனப் பெயர் பெற்ற இவ்வண்டியே இன்றைய பகி வண்டிகளுக்கு முன்மாதிரியாகும். பின்னர் விற்கப்பட்ட தொகுப்புகளில், பீட்டிலின் அடித்தளத்தை ஏறத்தாழ 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, அதன்மேல் இக்கூடு பொருத்தப்பட்டது. பல நிறுவனங்கள் இவ்வடிவத்தை நகலெடுத்து விற்றன. மெயர்சின் நிறுவனம் 1971இல் மூடப்பட்டது. மெயர்சு 2021இல் காலமானார்.

பீட்டில் விரும்பப்பட்டதற்குக் காரணங்கள் உண்டு. அதன் பொறி பின்புறம் இருந்ததால் எடை பின்சக்கரங்களின் மேல் விழுந்து, மணலில் பிடிப்புக் கிடைத்தது. காற்றால் குளிரும் பொறி என்பதால் நீர்க்கலன் தேவைப்படவில்லை. பழைய வண்டிகளும் மலிவாகக் கிடைத்தன.

இந்தியாவில்

இந்தியாவில் பீட்டில் பரவலாக விற்கப்படவில்லை. எனவே மாருதி 800, மாருதி ஆம்னி, ஜிப்சி போன்றவற்றின் உறுப்புகளே பயன்பட்டு வருகின்றன. 1983 முதல் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட மாருதி 800, 796 கன செ.மீ. கொள்ளளவும் மூன்று உருளைகளும் கொண்ட சிறு பொறியை உடையது. இதன் உறுப்புகள் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் கிடைக்கின்றன.

கிடைக்கும் பாகங்களைக் கொண்டு புதிய வண்டி செய்யும் மரபு தமிழ்நாட்டில் பகி வண்டிக்கு மட்டும் உரியதன்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன் (1954–1995) மாருதி 800இன் பொறியையும் பிற உறுப்புகளையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட இவ்வகுப்பு, குறைந்த செலவில் பந்தயம் பழக வழிசெய்தது. பின்னாளில், 2005இல், பார்முலா 1 போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் இவ்வகை வண்டியை ஓட்டியவரே. கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி பந்தயத் தடம் கரிவரதனின் பெயரைத் தாங்கியுள்ளது.

பொறியியல் மாணவர்கள் பகி வண்டி கட்டிப் போட்டியிடும் பாகா போட்டி அமெரிக்காவில் 1976இல் தொடங்கியது. அதன் இந்திய வடிவமான பாகா எசு.ஏ.இ. இந்தியா 2007இல் தொடங்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இப்போட்டி பலமுறை நடந்துள்ளது. இதில் நான்கு மணிநேரத் தாங்குதிறன் ஓட்டம் முக்கியமானது. மின்கலத்தில் இயங்கும் வண்டிகளுக்கான பிரிவு 2015இல் சேர்க்கப்பட்டது.

அமைப்பு

கூண்டு

வண்டி உருளும்போது ஓட்டுநரின் உயிரைக் காப்பது கூண்டே. பாகா போட்டியின் விதிகள் முதன்மைக் குழாய்களுக்கு அடிப்படை அளவாக 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த்தடிப்பும் 0.18 விழுக்காட்டுக்குக் குறையாத கரிமமும் உள்ள எஃகைக் குறித்துள்ளன. வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் துத்தநாகம் பூசிய குழாய் இதற்கு ஏற்றதன்று. அது மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. மேலும் அதைப் பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் போன்ற நோய் உண்டாகும். குழாய்கள் சந்திக்கும் இடங்களில் முக்கோணங்கள் அமையுமாறு குறுக்குத் தாங்கிகளைச் சேர்ப்பது வழக்கம். நாற்கோணம் அழுத்தத்தால் சாயக்கூடும்; முக்கோணம் பக்கங்கள் வளையாதவரை சாயாது.

பொறியும் பற்சக்கரப் பெட்டியும்

மாருதி 800 முன்சக்கரங்களால் இயங்குவது. அதன் பொறி, பற்சக்கரப் பெட்டி, அச்சுத்தண்டுகள் ஆகியவற்றை ஒரே தொகுதியாக எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்துவதே எளிய முறை. தொகுதி முன்பு நோக்கியிருந்த திசையிலேயே அமைய வேண்டும். அதை முன்பின்னாகத் திருப்பி வைத்தால் சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். அவ்வாறு செய்த வண்டிக்கு முன்செல்ல ஒரே கியரும், பின்செல்ல நான்கு கியர்களும் இருக்கும்.

முன்பு திரும்பிய சக்கரங்கள் இப்போது பின்புறத்தில் இருப்பதால் அவை திரும்பாதவாறு நிலையான தண்டுகளால் பிணைக்கப்படுகின்றன. இப்பிணைப்பு தளர்ந்தால் வண்டி பின்புறத்திலிருந்து திரும்பத் தொடங்கிக் கட்டுக்கடங்காமல் போகும். நீர்க்கலன் முன்னே வைக்கப்பட்டால் நீண்ட குழாய்களும், அவற்றில் காற்று தங்காதிருக்க வெளியேற்று வழியும் தேவை.

நிறுத்து அமைப்பு

மாருதி 800இன் முன்சக்கரங்களில் வட்டுத் தடைகளும் பின்சக்கரங்களில் உருளைத் தடைகளும் உள்ளன. முன்தொகுதியை அப்படியே பின்னால் மாற்றினால் வலிமை மிக்க தடை பின்சக்கரத்திற்குச் சென்றுவிடும். வண்டி நிற்கும்போது எடை முன்னோக்கி நகர்வதால் பின்சக்கரங்கள் எளிதில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஆகவே முன்சக்கரங்களுக்கும் வட்டுத் தடைகள் பொருத்தப்பட்டு, அழுத்தம் முன்னும் பின்னும் பிரியும் அளவு சீர்செய்யப்படுகிறது. ஒரு குழாய் உடைந்தாலும் மற்றது வேலை செய்யுமாறு இரு தனி நீர்மச் சுற்றுகள் இருத்தல் வேண்டும்.

சாய்வுத் தாங்குதிறன்

பக்கவாட்டுச் சரிவில் நிற்கும் வண்டி எந்தக் கோணத்தில் கவிழும் என்பதை அதன் சக்கர அகலமும் புவியீர்ப்பு மையத்தின் உயரமும் முடிவுசெய்கின்றன. சக்கர அகலம் 1.3 மீட்டரும் மைய உயரம் 0.5 மீட்டரும் உள்ள வண்டி கணக்கின்படி ஏறத்தாழ 52 பாகையில் கவிழும். அழகுக்காகவோ பெரிய சக்கரத்திற்காகவோ மையத்தை 0.65 மீட்டராக உயர்த்தினால் அக்கோணம் 45 பாகையாகக் குறையும். இது வண்டி அசையாமல் நிற்கும் நிலைக்கான கணக்கு. ஓடும்போதும் திரும்பும்போதும் இதைவிடக் குறைந்த சாய்விலேயே வண்டி கவிழக்கூடும்.

மலைப்பகுதிகளில்

ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்காகும். எனவே கார்புரேட்டர் உள்ள பழைய பொறி அங்கே தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. சமவெளியில் சுமார் 37 குதிரைத்திறன் தரும் மாருதி 800 பொறி, குன்னூரிலோ அதன் அருகிலுள்ள ஜெகதளாவிலோ 30 குதிரைத்திறன் அளவே தரும். காற்று குறைந்து எரிபொருள் விகிதம் மிகுவதால் கரும்புகையும் தோன்றும். சிறிய துளையுள்ள எரிபொருள் ஊசிவாயைப் பொருத்துவது இதற்கான தீர்வாகும்.

நீலகிரியில் ஊர்களையும் தேயிலைத் தோட்டங்களையும் அடுத்துக் காப்புக் காடுகளும் புல்வெளிகளும் உள்ளன. தமிழ்நாடு வனச்சட்டம், 1882இன் படி அனுமதியின்றிக் காப்புக் காட்டினுள் நுழைவது குற்றமாகும். முக்கூர்த்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்கு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 பொருந்தும். சரிவான புல்வெளியில் ஒருமுறை பதிந்த சக்கரத்தடம் மழைக்காலத்தில் நீரோடையாகி மண்ணை அரித்துச் செல்லும்.

சட்ட நிலை

இந்தியாவில் பொதுச் சாலையில் ஓடும் எவ்வண்டியும் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 39ஆம் பிரிவின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். புதிய வகை வண்டியின் மாதிரி, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஏற்பளிக்கப்பட்ட ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட வேண்டும். தனி ஒருவர் கட்டிய பகி வண்டி இச்சோதனைகளைக் கடப்பது அரிது. உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வேறுபடுமாறு வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவு தடைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பிலும் இதை வலியுறுத்தியது. எனவே இத்தகைய வண்டிகள் உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியார் நிலத்திலும் பந்தயத் தடத்திலும் மட்டுமே ஓட்டத்தக்கவை. அவ்விடங்களுக்கு இவற்றைச் சரக்குந்தில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

உறுப்புகளுக்காகப் பிரிக்கப்படும் பழைய மகிழுந்தின் பதிவை நீக்குவதும் உரிமையாளரின் கடமையாகும். 55ஆம் பிரிவின்படி, வண்டி நிலையாகப் பயனற்றதானால் 14 நாட்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அப்பதிவெண்ணைப் பிறர் முறைகேடாகப் பயன்படுத்தும்போது பழைய உரிமையாளரே விசாரணைக்கு உள்ளாக நேரிடும்.

இச்சிக்கலுக்கு மகாராட்டிர மாநிலம் சாங்லி மாவட்ட நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஒரு கொல்லர் பழைய வண்டிகளின் பாகங்களைக் கொண்டு சுமார் 60,000 ரூபாய் செலவில் உதைத்துக் கிளப்பும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். 2021 திசம்பரில் இதன் காணொளியைக் கண்ட தொழிலதிபர் ஆனந்து மகிந்திரா அவருடைய திறமையைப் பாராட்டினார். விதிகளுக்குப் பொருந்தாததால் அதிகாரிகள் விரைவிலோ பின்னரோ வண்டியைத் தடுத்துவிடுவர் என்றும், அதற்கு ஈடாகப் பொலேரோ ஒன்றைத் தருவதாகவும் அறிவித்தார். 2022 சனவரியில் அக்குடும்பத்திற்குப் புதிய பொலேரோ வழங்கப்பட்டது.

பாதுகாப்பு

பகி வண்டியை ஓட்டுவோர் தலைக்கவசமும் குறைந்தது நான்கு முனைகளில் பிணைக்கப்பட்ட இருக்கைப் பட்டையும் அணிதல் வேண்டும். வண்டி உருளும்போது கைகள் தாமாக வெளியே நீண்டு கூண்டின் அடியில் நசுங்குவதே பொதுவான காயங்களுள் ஒன்றாகும். இதைத் தடுக்க மணிக்கட்டுப் பட்டைகளோ பக்க வலைகளோ கட்டப்படுகின்றன. எரிபொருள் கலனுக்கும் ஓட்டுநருக்கும் இடையே தீத்தடுப்புத் தகடு தேவை. பொறியை உடனே நிறுத்தும் பொத்தான் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று ஓட்டுநரின் கைக்கு எட்டுமாறும், மற்றொன்று வெளியே நிற்பவர் அழுத்துமாறும் அமைக்கப்படுகின்றன.