மோல்

வேதியியலில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு மோல். லத்தீனில் ‘மோலெஸ்’ என்றால் திரண்ட பெரும் பொருள். அதன் சிறுமை வடிவமாகப் பிறந்தது ‘மாலிக்யூல்’. அதற்கு இணையான ஜெர்மன் சொல்லைச் சுருக்கி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் ‘மோல்’ என வழங்கினார். தமிழின் ‘மூலக்கூறு’ ஒலியில் ‘மாலிக்யூலை’ நெருங்கி வந்தாலும் மூலம், கூறு என்ற சொற்களின் சேர்க்கையே; பொருளும் ஒலியும் ஒருங்கே பொருந்திய அழகான ஆக்கம் அது. இலங்கைப் பாடநூல்களில் அலகின் பெயர் ‘மூல்’.

டஜன் என்றால் 12 என்பதுபோல, ஒரு மோல் என்றால் 6.02214076 × 10²³ துகள்கள். இதுவே அவகாட்ரோ எண். 2019 வரை 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களைக் கொண்டே மோல் வரையறுக்கப்பட்டது. இப்போது எண்ணே வரையறை.

தேர்வுக்கு முதன்மையான வாய்பாடு: நிறையை மோலார் நிறையால் (ஒரு மோலின் நிறையால்) வகுத்தால் மோல் எண்ணிக்கை. நீரின் மோலார் நிறை மோலுக்கு ஏறத்தாழ 18 கிராம். ஆகவே 36 கிராம் நீர் 2 மோல். துகள் அணுவா, மூலக்கூறா, அயனியா என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒரு மோல் ஆக்சிஜன் அணுக்கள் 16 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகள் 32 கிராம்.